கிராணி திருத்திய ஒப்பாரி

மலாயாவில், சுங்கை ரம்பாய்க்கு மேற்கே மரப்பாலத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், பறையடிக்கிறவனுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே இருசம்மாளுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவள் அவசரப்பட மாட்டாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, சாவு வீட்டு வாசலில் கூடி நிற்கும் ஆம்பிளைகளை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில் பாதிப் பேர் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

சேலத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள். வந்த மூன்றாம் வருஷமே காடு வெட்டும்போது மரம் சாய்ந்து புருஷன் போய்விட்டான். அவள் பாடிய முதல் ஒப்பாரி அதுதான். அதற்குப் பிறகு இருபது வருஷமாகத் தோட்டத்தில் செத்த எவரையும் அவள் பாடாமல் அனுப்பியதில்லை. செத்தவர்கள் மேல் இருந்த மரியாதை உயிரோடிருப்பவர்கள் மேல் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெரிய கங்காணி தம்புசாமி கோட்டும் தலைப்பாகையுமாகப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நடந்து போனால், பக்கத்தில் நிற்பவளிடம் சத்தமாகவே கேட்பாள்: "இந்தாளு செத்தா என்னாத்தடி பாடுறது? நாலு வரி தேறுமா?"

அவள் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்லாமல் முடிக்க மாட்டாள். பாம்பு கடித்தால் பாம்பு, பேதி கண்டால் பேதி. பொய்யாகத் தேரும் பல்லக்கும் வைத்துப் பாடுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "லயத்துக் கூரையே ஒழுவுது, இவளுக்குத் தங்கப் பல்லக்கு எங்கேருந்து வந்திச்சி?" என்பாள்.

கித்தா என்கிற ரப்பருக்கு விலை படுத்துக்கிடந்த காலம் அது. தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள், இரண்டு பேர் பால் வெட்டும் மரவரிசையை, அந்த நிரையை, ஒருவராக வெட்டினார்கள். முடியாது என்றால் அடுத்த கப்பலில் பெயர் எழுதிவிடுவேன் என்று தம்புசாமி சொல்லுவான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவன் தோட்டத்தை மேய்த்தான்.

லயத்து வரிசை வீடுகளில் இருசம்மாளுக்கு அடுத்த காம்பிராவில் முத்தாயி என்று ஒரு பெண், இருளாண்டி பெண்டாட்டி. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பிரசவம் பார்த்துக் கையில் வாங்கியது இருசம்மாள்தான். முத்தாயிக்கு மூன்று நாள் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போயிருந்தான். நாலாம் நாள் காலையில் கங்காணி வாசலில் வந்து நின்றான்.

"காய்ச்சலா? எனக்குந்தான் உடம்பு சுடுது. வேலைக்கள்ளி, எந்திரிச்சி வாடி. வராட்டி கப்பலு."

இருளாண்டி வாசலில்தான் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முத்தாயி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். பத்து மணிக்குப் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது பத்தாம் நிரையில் விழுந்தாள். அடுத்த நிரையிலிருந்து இருசம்மாள் ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்தபோது மூச்சு நின்றிருந்தது. பின்னாலேயே கங்காணி வந்தான். வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "பாலு கொட்டிப்போச்சா?"

அன்று சாயங்காலம் இருசம்மாள் பாடினாள்.

"பத்தாம் நெரையிலே பாலெடுக்கப் போனவளே
பாலு வடியுமுன்னே உசுரு வடிஞ்சு போனவளே
காய்ச்சலுன்னு சொன்னதுக்கு வேலைக்கள்ளின்னு பேருவெச்சான்
மருந்தப் பூட்டிவெச்சான் மகராசி உசுரத் தொறந்துவிட்டான்
பாலு கொட்டிப்போச்சான்னு பதறிக் கேட்டவன
பச்சப்புள்ள ரெண்டுஞ்சேந்து பாத்துக்கிட்டு நிக்குதடி"

லயமே விசும்பியது. அந்த நேரம் பார்த்துச் சின்னத்துரை வந்தார். வந்து மூன்று மாதமான வெள்ளைக்காரப் பிள்ளை; சவப்பெட்டி செய்யப் பலகை கொடுத்திருந்ததால் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். பக்கத்தில் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மணியம். அந்தம்மாள் என்ன பாடுகிறாள் என்று துரை கேட்டார். மணியம் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் விளக்கினான். பலகை கொடுத்த துரையின் தர்மத்தைப் பாராட்டிப் பாடுகிறாளாம். துரை முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி இருசம்மாளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் "நல்லது, நல்லது" என்றார்.

முன்பு துரை பங்களாவில் துரைசாணியிடம் வேலை பார்த்த ஒருத்திக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவள் காதோடு சொல்ல, அது வாய்க்கு வாய் பரவ, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். இருசம்மாள் கிராணியைப் பார்த்தாள். ஈரச் சாக்கைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அடுத்த அடியை எடுத்தாள்.

மறுநாள் பெரட்டில் தம்புசாமி சட்டம் போட்டான்.

"இனிமே ஒப்பாரி பாடுறதா இருந்தா, என்னா பாடப்போறேன்னு முன்கூட்டியே கிராணிகிட்ட வந்து சொல்லணும். அவரு எழுதிப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பாடணும். கேட்டுச்சா இருசு?"

"கேட்டுச்சி கங்காணியாரே. சாவுறவங்க முன்கூட்டியே வந்து சொல்லிட்டுச் சாவாங்களா? அதுக்கும் ஒரு சட்டம் போட்டுடுங்க."

பெரட்டு சிரித்தது. கங்காணி சிரித்தவர்களை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டான். ஆனால் முதல் அடி இருளாண்டி மேல் விழுந்தது. அவனைச் சதுப்புக்காட்டு நிரைக்கு மாற்றினான். பெண்டாட்டி செத்ததற்கு ஒரு வார்த்தை பேசாதவன் அவன். இருசம்மாளுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. "பேசுனவளுக்கும் அடி, பேசாதவனுக்கும் அடி. பேசாம இருந்து என்னாத்தடா கண்டே?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்துக் கிழவன் அப்புசாமி செத்தான். முப்பது வருஷம் புல் வெட்டி, கடைசியில் எதையோ கும்பிடுபவன்போல் குனிந்தபடியே நடந்த மனுஷன். சட்டப்படி இருசம்மாள் ஆபீஸ் வாசலுக்குப் போனாள். மணியம் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டான்.

"ம், சொல்லு."

"'முப்பது வருஷமா முதுகு வளைஞ்ச ஐயா.'"

மணியம் அந்த வரியைப் பென்சிலால் அடித்தான். "முதுகு வளைஞ்சன்னு வேணாம். தோட்டத்துக்குக் கெட்ட பேரு. நிமிர்ந்த ஐயான்னு வை."

"கெழவனுக்கு முதுகு நிமிர்ந்ததே இன்னைக்குக் காலையில பலகையில கெடத்துனப்பதான் கிராணி ஐயா. சரி. 'கங்காணி காலால ஒதச்சா காலப் புடிச்ச ஐயா.'"

"அது வேணவே வேணாம்!"

"'கஞ்சிக்கு உப்பில்லாம.'"

"உப்ப எடு."

"உப்பில்லன்னுதான் சொல்றேன். அதையும் எடுக்கணுமா?"

இப்படியே ஒரு மணி நேரம். கிராணிக்கு வியர்த்துக் கொட்டியது. இருசம்மாளுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த மனுஷன் அவள் பாட்டை வரிக்கு வரி கவனித்துக் கேட்கிறான்; அழவந்த சொந்தக்காரர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. எந்தச் சொல் உண்மை என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அதை மட்டும் பொறுக்கி எடுத்து அடிக்கிறான். நெல்லை எறிந்துவிட்டுப் பதரைப் பத்திரமாகக் கட்டி வைக்கிற ஒருவனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

சாவு வீட்டில் கிராணி காகிதத்தோடு ஓரமாக நின்றான். இருசம்மாள் பாட ஆரம்பித்தாள்.

"முப்பது வருஷமா முதுகு..."

நிறுத்தினாள். இரண்டு தரம் மார்பில் அடித்துக்கொண்டாள். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு "ஐயா" என்று முடித்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வரியில் மறுபடியும் அதே மாதிரி நிறுத்தம், மார்பில் இரண்டு அடி. யாரோ ஒருத்தி மெல்ல "ஒதச்சா" என்றாள். மூன்றாம் வரிக்குச் சுற்றியிருந்த அத்தனை பேரும் சேர்ந்து "உப்பில்லாம" என்று ஓலமிட்டார்கள். லயத்துக் கோழிகள் பறந்தன. கிராணி அடித்த சொல் ஒவ்வொன்றும் அவள் ஒருத்தி வாயிலிருந்து வந்திருந்தால் ஒரு மடங்கு. இப்போது நாற்பது வாயிலிருந்து வந்தது. மணியம் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். என்னவென்று புகார் எழுதுவான்? அவள் எதையும் சொல்லவில்லையே.

அதன் பிறகு தம்புசாமி ஒப்பாரியையே நிறுத்திவிட்டான். மூன்று பேர் பாட்டில்லாமல் மண்ணுக்குப் போனார்கள்.

இந்தக் கதை சுங்கை ரம்பாய் துணிக்கடைவரை போயிற்று. கடைக்காரரின் மைத்துனன் தனபாலன் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. தமிழர் அறிவு விளக்கச் சங்கம் என்ற ஒன்றுக்குச் செயலாளன். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பையில் இரண்டு பேனா. ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சாமான் வாங்க வந்த இருசம்மாளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, உங்களுக்கு நடந்தது மாபெரும் அநீதி. இந்தியாவிலேருந்து வர்ற ஒரு பத்திரிகைய தபாலாபீஸ்ல புடிச்சி வெச்சிக்கிட்டாங்க. அதக் கண்டிச்சி எங்க சங்கத்துல ஒரு சொற்போர் வைக்கிறோம். பேச்சுக்குக் கட்டுப்பாடு வேணுமா, வேணாமான்னு. நீங்க வந்து உங்க வாயால அந்த ஒப்பாரியச் சொல்லணும். அதுக்கு ஈடான சாட்சி கெடையாது."

அவனுடைய கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். கொஞ்சம் நம்பினாள். வாழ்க்கையில் அவள் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று.

குறித்த ஞாயிறன்று பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனாள். ஒரு கடைக்கு மேல்மாடியில் சங்கம். கூட்டத்துக்கு முன்னால் தனபாலன் அவளைத் தனியாக உட்காரவைத்து, முத்தாயி ஒப்பாரியைச் சொல்லச் சொல்லி எழுதினான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"அம்மா, கங்காணி பேரு வெளிய தெரியற மாதிரி வேணாம். மான நஷ்டம்னு வழக்குப் போடுவான்."

"நான் பேரே சொல்லலியே தம்பி."

"வேலைக்கள்ளின்னு பேரு வெச்சதும் பாலு கொட்டிப்போச்சான்னு கேட்டதும் சொன்னாத் தெரிஞ்சிடும். எடுத்துடுவோம். மருந்தப் பூட்டினதச் சொன்னா துரைமார் ஆஸ்பத்திரியக் குத்தம் சொன்னதா ஆயிடும். பின் வரிசையில ஒரு ஆளு உக்காந்திருப்பாரு, போலீசுக்கு எழுதிக் குடுக்கிறவரு. சங்கத்துப் பதிவு போயிடும். அப்புறம்... தப்பா நெனைக்காதீங்க. ஒப்பாரிங்கறது மூடப்பழக்கம். சங்கத்துல அதுக்கு எதிர்ப்பு இருக்கு. ராகம் போடாம வசனமாச் சொல்லிடுங்க. தலைய அவுக்க வேணாம். 'உசுரு' வேணாம், 'உயிர்'னு வெச்சிருக்கேன்."

"அப்ப என்னா தம்பி மிச்சம்?"

அவன் வாசித்துக் காட்டினான். "'பால் எடுக்கச் சென்ற முத்தாயி என்னும் மாது உயிர் நீத்தாள். அந்தோ!'"

"அந்தோன்னா என்னா?"

"வருத்தம்னு அர்த்தம்."

இருசம்மாள் அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் கண் கலங்கியதுகூட இந்தத் தூசிதானோ என்னவோ.

சொற்போர் தொடங்கியது. கட்டுப்பாடு வேண்டும் என்றவர்களில் ஒரு மளிகைக்கடை முதலாளி எழுந்து, கட்டறுத்த நாக்கு ஊரைக் கொளுத்தும் என்றார். படிக்காத கூட்டத்துக்குப் பேச்சுரிமை கொடுப்பது குரங்கு கையில் கொள்ளி கொடுப்பது போல என்றார். கைதட்டல். வேண்டாம் என்றவர்களில் ஒரு வாத்தியார், சீமை ஞானிகள் பெயராக அடுக்கி, பேச்சுரிமை மனிதனின் மூச்சு என்றார். அதைவிடப் பெரிய கைதட்டல். மூச்சு என்றதும் இருசம்மாளுக்கு மடியில் கிடந்த முத்தாயி ஞாபகம் வந்தது. முன்வரிசை நாற்காலியில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். பேசிய ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பூச்சட்டி வைத்த மாதிரி வைத்திருந்தார்கள்.

"இப்பொழுது தோட்டத்துச் சகோதரி ஒருவர் மூன்று நிமிடம் பேசுவார்" என்றார் தலைவர். தனபாலன் காகிதத்தை அவள் கையில் திணித்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காதருகே வந்து அடியெடுத்துக் கொடுத்தான்.

இருசம்மாள் எழுந்து நின்று சபையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பொணம் எங்க?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஒருவர் சிரித்தார்.

"பொணத்துக்கு முன்னாடிதான் எனக்குப் பாட்டு வரும். இங்க எல்லாரும் நாக்காலியில சொகமா உக்காந்திருக்கீங்க. இந்தத் தம்பி எழுதுனதுல முத்தாயி செத்தான்னு இருக்கு. எப்படிச் செத்தான்னு இல்ல. எங்க தோட்டத்துக் கிராணியும் அடிச்சாரு, பென்சிலால. ஏன் அடிக்கிறோம்னு அவருக்குத் தெரியும். பயந்து அடிச்சாரு. நீங்க கைதட்டிக்கிட்டே அடிக்கிறீங்க."

காகிதத்தை நாற்காலியில் வைத்தாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப இடம் தேடினாள். அந்தச் சபையில் அதற்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. ஜன்னல் பக்கம் போய்த் தெருவில் துப்பிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் போன பிறகு தலைவர், சகோதரியின் உணர்ச்சியைச் சபை மதிக்கிறது, ஆனால் அவர் பேசியதைக் குறிப்புப் புத்தகத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பின் வரிசை ஆளும் தலையாட்டினார். பிறகு கைதூக்கச் சொன்னார்கள். பேச்சுரிமைக் கட்சி அமோகமாக ஜெயித்தது. இதையெல்லாம் துணிக்கடைக்காரரே வெட்கமில்லாமல் ஊரில் சொன்னார்.

தம்புசாமி காதுக்கும் போயிற்று. டவுனுக்குப் போய்த் தோட்டத்தைப் பற்றிப் பேசினாள் என்று அவள் பெயரைக் கப்பல் பட்டியலில் எழுதினான்.

"ஊரு ஞாபகம் வந்திருக்குமே இருசு?"

"ஒன்னப் பாத்த நாளா எனக்கு ஊரு ஞாபகம்தான் கங்காணி. ஆனா நீ சொல்லிப் போமாட்டேன்."

மலாக்காவில் தொழிலாளர் ஆபீஸில் வெள்ளைக்கார அதிகாரி முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். இருசம்மாள் "இல்ல" என்றாள். மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறாரோ என்று அவர் வாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லைத் திரிக்க அந்த மனுஷனுக்கும் இடமில்லை. அதிகாரி பட்டியலில் அவள் பெயரை அடித்தார். அவள் வாழ்க்கையில் ஒரு பென்சில் கோடு அவளுக்கு உதவியது அந்த ஒரு தரம்தான்.

தோட்டத்தில் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு தஞ்சோங் கிளிங்குக்குப் போனாள். அங்கே கருவாட்டு வியாபாரி ஹனிபாவின் பெண்சாதி ருக்கையா மீன் கீறிக் காயவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். பேச்சில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே காரம். முதல் நாளே ருக்கையா, "நீ பெரிய பாட்டுக்காரியாமே, ஒண்ணு பாடேன் லா" என்றாள். "யாராச்சும் செத்தாச் சொல்லு ராத்தா" என்றாள் இருசம்மாள். அன்றிலிருந்து சிநேகம்.

வருஷங்கள் போயின. கித்தா விலை ஏறியது. மரப்பாலத் தோட்டத்துக்குப் புதுக் கங்காணி வந்தான். தம்புசாமி காசோடு ஊருக்குப் போய் நிலம் வாங்கினான் என்று கேள்வி. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போய்ப் பாடிவிட்டு வந்தாள். பத்தாம் நிரைப் பாட்டை இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் பாடுவதைக் கேட்டாள். திருத்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் நடுவயது லாரி டிரைவர் ஒருவன் செத்துப்போனான். குடித்துவிட்டுப் பெண்டாட்டியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது கால்வாயில் விழுந்து செத்தான். தோட்டத்துக்கே தெரியும். இருசம்மாள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு உட்காரப்போனாள். அவன் பெண்டாட்டி ஜெயமணி அவள் கையைப் பிடித்தாள். புருவத்துக்கு மேல் காயம் இன்னும் ஆறவில்லை.

"அக்கா, அவரு என்னைய அடிச்சதச் சொல்லாதீங்க. குடிச்சதையும் சொல்லாதீங்க. மகளுக்கு மாப்பிள பாக்கணும்."

"எப்படிச் செத்தான்னு சொல்லாம நான் பாடுனதில்லடி."

"ஒங்க காலப் புடிக்கிறேன்க்கா."

இருசம்மாள் அவளையே பார்த்தாள். சுருக்கென்று ஏதோ சொல்ல வாய் வந்தது. அந்தக் காயத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, லாரி ஓட்டிய கையையும் மழையில் நனைந்த சட்டையையும் கால்வாய்த் தண்ணீரையும் பாடினாள். நல்ல பாட்டுத்தான். அவள் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. யாரும் எதையும் இட்டு நிரப்பவில்லை. எல்லாரும் நன்றாக அழுதார்கள்.

தஞ்சோங் கிளிங்குக்குத் திரும்பியதும் கத்தியை எடுத்துக்கொண்டு மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கூடை மீனைக் கீறி முடித்தாள். அப்புறம் ருக்கையாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"இன்னைக்கு நானே கிராணி வேல பாத்துட்டு வந்திருக்கேன் ராத்தா. பென்சிலு ஒண்ணுதான் பாக்கி."

"அட போ இருசு. அடிபட்டவளே கேட்டுக்கிட்டா. அது வேற, இது வேற."

இருசம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். கங்காணியையும் தனபாலனையும் நினைத்துச் சிரித்த மாதிரி இருந்தது.

"பாட்ட அடிச்ச எல்லாரும் 'இது வேற'ன்னுதான் ராத்தா சொன்னாங்க" என்றாள். அடுத்த மீனை எடுத்து வயிற்றைக் கீறினாள்.